பார்க்கலாம் என்றுதான் சொன்னேன்

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய அழைப்பிதழ் நேற்று வந்து சேர்ந்தது. வழவழவென்று நல்ல அட்டை. மேலே இரண்டு நாட்டுக் கொடி, இரண்டு பல்கலைக்கழகங்களின் முத்திரை. வேளாண்மை விரிவாக்கப் பணியை மறுபடி கட்டியெழுப்பும் கூட்டுத் திட்டத்தின் தொடக்க விழா, ஜங்ஷன் பக்கத்து ஹோட்டலில். கீழே குத்துவிளக்கு ஏற்றுபவர் என்று போட்டு என் பெயர், ‘ஓய்வு பெற்ற உதவி வேளாண்மை அலுவலர்’ என்ற அடைமொழியோடு. உன் அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, “என்ன, எங்கிட்ட சொல்லவே இல்ல, பெரிய மனுஷி ஆயிட்ட போலிருக்கு” என்றார். எனக்கே தெரியாததை அவரிடம் எப்படிச் சொல்வது? நீ போன வாரம் போனில், “அம்மா, விளக்கேத்த வர்றியா?” என்று கேட்டாய். நான், “பார்க்கலாம்டா” என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை, சுகர் மாத்திரை போடணும் என்று போனை வைத்துவிட்டேன். நீ அதை அச்சடித்துவிட்டாய்.

இதை உனக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம். போனிலேயே கத்தியிருக்கலாம், அது எனக்கு நன்றாகவே வரும். ஆனால் ஒரு ஊர் ஜனங்கள் சொன்னதாக நீ ரிப்போர்ட்டில் எழுதிய விஷயத்தை இரண்டு நாட்டுக்காரர்கள் படித்துவிட்டார்கள். அதனால் அவர்கள் உண்மையில் சொன்னது என்ன என்பதையும் நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன். ஊரின் பெயரைப் போடவில்லை. லால்குடி பக்கம் என்று வைத்துக்கொள்ளட்டும். எந்த ஊர் என்று உனக்குத் தெரியும். அந்த ஊர்ச் சோற்றைத் தின்றவன் நீ.

படிக்கிறவர்களுக்கு நான் என்ன வேலை பார்த்தேன் என்பது தெரிய வேண்டும். விரிவாக்கப் பணி என்றால் ரோட்டை அகலப்படுத்துகிற வேலை என்று நம் அபார்ட்மெண்டில் ஒருத்தர் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்ததை வயலில் இருக்கிறவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், வயலில் இருக்கிறவர் படுகிற பாட்டை ஆராய்ச்சி நிலையத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து சொல்வதும்தான் அந்த வேலை. ஸ்ரீரங்கத்திலிருந்து மொபெட்டில் கிளம்பி, கொள்ளிடம் தாண்டி, ஒவ்வொரு ஊராகப் போவேன். பள்ளிக்கூட விடுமுறையில் உன்னை விட்டுவிட்டுப் போக ஆள் கிடையாது. மொபெட்டில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு போவேன். நான் வயலில் இறங்கும்போது உன்னை மலர்க்கொடி வீட்டில் விடுவேன். அவள் வீட்டுக்காரர் போன பிறகு நிலத்தைத் தானே பார்த்துக்கொண்டவள். பழைய சோறும் சுண்ட வைத்த மீன்குழம்பும் போடுவாள். நம் வீட்டில் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிற நீ, அங்கே தட்டை வழித்து நக்கிவிட்டு, “அத்தை, இன்னும் கொஞ்சம்” என்பாய். எனக்கு அந்த நாளில் அது பொறாமையாகக்கூட இருந்தது.

அந்த வேலையில் நான் முதலில் கற்றுக்கொண்டது நெல்லைப் பற்றி இல்லை, ‘பார்க்கலாங்க’ என்ற சொல்லைப் பற்றி. நம் பக்கத்து ஜனங்களுக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு நேராக ‘வேண்டாம்’ என்று சொல்ல வராது. அதிலும் சர்க்கார் ஆள், படித்த ஆள், வெயிலில் வந்த ஆள் என்றால் வரவே வராது. காபி கொடுப்பார்கள், விசிறி கொடுப்பார்கள், நாம் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்பார்கள், கடைசியில் “பார்க்கலாங்க” என்பார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அதைச் ‘சரி’ என்று குறித்துக்கொண்டு போய், அடுத்த முறை வந்து பார்த்தால் வயலில் பழையபடியே நடவு நடந்திருக்கும். உண்மையில் ஒருத்தர் ஒத்துக்கொள்கிறார் என்றால் அவர் கேள்வி கேட்பார். விதை எங்கே கிடைக்கும், நாற்று எத்தனை நாள் வயசில் பிடுங்கணும், மடை பக்கத்துக்காரரோடது, அவர் தண்ணி விடுவாரா என்று உயிரை எடுப்பார். கேள்வி வந்தால் வேலை நடக்கும். ‘பார்க்கலாங்க’ வந்தால் மொபெட்டைத் திருப்ப வேண்டியதுதான்.

இது உனக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் சிரிப்பேன். ஆறாம் வகுப்பில் சைக்கிள் கேட்டாய். உன் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “பார்க்கலாம்” என்றார். நீ அழவும் இல்லை, அடம்பிடிக்கவும் இல்லை, நேரே மாடிக்குப் போய் உன் சிநேகிதனிடம், “எங்கப்பா பார்க்கலாம்னுட்டாருடா, கிடையாது” என்றாய். சமையலறையில் எனக்குக் கேட்டது. பாலக்கரையில் உனக்குப் பெண் பார்க்கப் போனோமே, அந்த வீட்டில் கிளம்பும்போது, “கலந்து பேசிட்டுச் சொல்றோங்க” என்று வாசல் வரை வந்து கும்பிட்டார்கள். உன் அப்பா வெள்ளந்தியாக, எப்போது சொல்வார்கள் என்று யோசித்துக்கொண்டு வந்தார். ஆட்டோவில் ஏறியதும் நீதான், “அப்பா, பஜ்ஜி நல்லா இருந்துச்சு, மத்தபடி முடிஞ்சுது” என்றாய். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் பிள்ளை மனுஷர்களைப் படிக்கத் தெரிந்தவனாக இருக்கிறான் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. மிச்சம் இருந்தவர்களுக்கும் மானிய விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கே பொழுது சரியாக இருந்தது, வயலுக்குப் போவதற்கு நேரம் ஏது? யோசனை கேட்க வேண்டுமென்றால் பூச்சிமருந்துக் கடைக்குத்தான் போக வேண்டும் என்று ஆயிற்று. நெல்லுக்கு நோய் வந்தாலும் மருந்து, பசி வந்தாலும் மருந்து. இதையெல்லாம் நான் சாப்பாட்டு நேரத்தில் புலம்பிக்கொண்டே இருப்பேன், நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். வெளிநாட்டில் ஆராய்ச்சிப் படிப்பை முடித்துவிட்டு நீ திரும்பி வந்து, நீ படித்த பல்கலைக்கழகமும் நம் ஊர்ப் பல்கலைக்கழகமும் சேர்ந்து விரிவாக்கப் பணியை மறுபடி உண்டாக்கப் போகிறார்கள், அதற்கு நீதான் ஒருங்கிணைப்பாளர் என்று சொன்ன அன்றைக்கு எனக்குக் கால் தரையில் இல்லை. திருவானைக்காவல் கோயிலுக்குப் போய் அம்மன் சந்நிதியில் நின்று அழுதேன். அதை உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

“அம்மா, முதல் ஊர் உன் ஊரா இருக்கட்டும். நீ வந்தா அவங்க மனசு விட்டுப் பேசுவாங்க” என்றாய். வந்தேன். மலர்க்கொடியிடமும் தங்கராசுவிடமும் நானே போனில் பேசி ஆட்களைக் கூட்டினேன். தங்கராசு அந்த ஊர் விவசாயிகள் சங்கத்துக்காரர், எந்த அதிகாரியையும் அவ்வளவு சுலபமாக நம்புகிறவர் இல்லை. “நம்ம மேடம் புள்ளன்னா வராம இருப்போமா?” என்றார். காரில் போகும்போது, நீ படித்த இடத்திலிருந்து வந்திருந்த உன் பேராசிரியை அம்மா என்னோடு பேசிக்கொண்டே வந்தார். அவருடைய இங்கிலீஷ் எனக்கு முக்கால்வாசி புரிந்தது. அவர்கள் நாட்டில் பல்கலைக்கழகமே ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு ஆளை வைத்திருக்குமாம். விவசாயிகள் அந்த ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். நடுவில் செலவைக் குறைக்கிறோம் என்று ஆட்களை எடுத்துவிட்டு, அப்புறம் தவறு என்று புரிந்து மறுபடி கொண்டுவந்தார்களாம். “ஆள்தான் முக்கியம், கருவி அப்புறம்தான்” என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நெல் கொள்முதல் நிலையத்துத் தகரக் கொட்டகையில் கூட்டம். அறுவடை இல்லாத நேரம், காலியாகக் கிடந்தது. பேராசிரியை அம்மாவுக்குச் சம்மணம் போட வரவில்லை, காலை ஒரு பக்கமாக மடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தார். அவர் கேட்க, நீ தமிழில் சொல்ல, அவர்கள் பதில் சொல்ல, நீ இங்கிலீஷில் சொல்ல, ரொம்ப நேரம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. நீ கையில் இருந்த டேப்லெட்டைப் பார்த்தபடி, “யோசனையெல்லாம் இனிமே உங்க போனுக்கே வந்துடுங்க. எந்த நேரமும் கேட்டுக்கலாம். அது போதும்ங்களா உங்களுக்கு?” என்றாய். தங்கராசு துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “பார்க்கலாங்க தம்பி” என்றார். பின்னால் இருந்தவர்களும், “ஆமாங்க, பார்க்கலாம்” என்றார்கள். நீ திரும்பி அந்த அம்மாவிடம், ‘யெஸ்’ என்றாய். அவர் புருவத்தைத் தூக்கி, எல்லோருமா என்று கேட்டார். எல்லோரும்தான் என்றாய். டேப்லெட்டில் விரலை வைத்தாய்.

அப்போதுகூட உனக்கு அவசரம், களைப்பு, காது கொடுத்துக் கேட்கவில்லை என்று நான் எனக்கே சமாதானம் சொல்லியிருப்பேன். ஆனால் மலர்க்கொடி எழுந்து, “ஏன் தம்பி, ஆள் வருவாங்களா? அக்கா வந்த மாதிரி?” என்று கேட்டாள். அந்தக் கூட்டத்தில் வந்த ஒரே உண்மையான கேள்வி அது. அதை நீ அந்த அம்மாவிடம் சொல்லவே இல்லை. மலர்க்கொடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “பார்க்கலாம் அத்தை” என்றாய். மலர்க்கொடி உட்கார்ந்துவிட்டாள். உட்காரும்போது உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். ஒரே கூட்டத்தில், அவர்கள் சொன்ன ‘பார்க்கலாங்க’ உனக்கு ‘யெஸ்’. நீ அவர்களுக்குச் சொன்ன ‘பார்க்கலாம்’ மட்டும் ‘கிடையாது’. அர்த்தம் தெரியாமல் செய்தாய் என்று சொல்லி உன்னைக் காப்பாற்ற ஒரு வழியும் நீ எனக்கு விட்டுவைக்கவில்லையடா.

அங்கேயே எழுந்து சொல்லியிருக்கலாம் என்று நீ நினைக்கலாம். பெற்ற பிள்ளையை வெளிநாட்டுக்காரர் எதிரில் மட்டம் தட்ட எனக்கு வாய் வரவில்லை. அவரை ஹோட்டலில் இறக்கிவிட்டு நாம் இரண்டு பேரும் ஸ்ரீரங்கம் திரும்பும்போது காவிரிப் பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. அங்கேதான் கேட்டேன்.

“அவங்க வேண்டாம்னாங்க. நீ ஏன்டா யெஸ்ன்ன?”

“யாரும் நோ சொல்லலையேம்மா. டேப்லெட்ல யெஸ், நோன்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு. பார்க்கலாம்ங்கறதுக்கு எந்தக் கட்டத்தைத் தொடறது?”

“கட்டம் இல்லன்னா, கட்டம் இல்லன்னு அந்தம்மாகிட்ட சொல்லு. மலர்க்கொடி கேட்டதையும் சொல்லு.”

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அப்புறம், “ரிப்போர்ட் முடியறதுக்குள்ள பேசி மாத்த முடியுதான்னு பார்க்கலாம்மா” என்றாய். எனக்கு அப்பாடா என்று இருந்தது. வீட்டுக்கு வந்து உனக்கு ரவா உப்புமா கிளறிப் போட்டேன். வேலையில் இருந்த காலமெல்லாம் அந்த ஒரு சொல்லில் ஏமாறாதவள், என் பிள்ளை வாயிலிருந்து வந்தபோது அதைச் ‘சரி’ என்று எடுத்துக்கொண்டேன். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்கிற தவறை ஓய்வு பெற்ற பிறகு நான் செய்தேன்.

ரிப்போர்ட் மாறவில்லை. தொடக்க விழாவுக்கு முன்னாலேயே, சோதனையாக அந்த ஊருக்கு மட்டும் போன் யோசனை வந்தது. சம்பாப் பயிர் பால் பிடிக்கிற நேரத்தில் மலர்க்கொடி கூப்பிட்டாள். வயலில் வட்ட வட்டமாகக் காய்கிறது, மருந்துக்கடைக்காரர் கொடுத்த கலவையை அடித்தும் தீரவில்லை, போனில் இப்படி வந்திருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். ‘உங்கள் பகுதியில் புகையான் பூச்சித் தாக்குதலுக்கு வாய்ப்புள்ளது. மேலும் விவரங்களுக்கு உங்கள் பகுதி வேளாண்மை அலுவலரை அணுகவும்.’ படித்துவிட்டு, “அது யாரு அக்கா?” என்று கேட்டாள். கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே கேட்டாள். நான் முட்டிக்குத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, திருவானைக்காவலில் லால்குடி பஸ்ஸைப் பிடித்தேன். தண்ணீரை வடித்துவிட்டு, பயிரை விலக்கிவிட்டு, தூரில் காற்றும் வெயிலும் படச் சொன்னேன். அவள் வயலில் பாதி தப்பியது. தங்கராசுக்கு ஒன்றும் தப்பவில்லை.

காலியாகக் கிடக்கிற இடத்துக்கு ஒரு ஆளைப் போடுங்கள் என்று அவர்கள் வேளாண்மை அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொண்டு போனார்களாம். அங்கே இருந்தவர் உன் ரிப்போர்ட்டைக் காட்டி, “போன் போதும்னு நீங்கதானே ஒத்துக்கிட்டிருக்கீங்க? இதுல இருக்கே” என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். தங்கராசு இதை என்னிடம் சொல்லும்போது சத்தம் போடவில்லை. “நாங்க எப்ப மேடம் ஒத்துக்கிட்டோம்?” என்று மட்டும் கேட்டார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்துவிடாதா என்று இருந்தது. “நான் பையன்கிட்ட பேசறேன், இதை மாத்த வைக்கிறேன்” என்றேன். அவர் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். பஸ் வருகிற வரைக்கும் கூடவே நின்றார். பஸ்ஸில் ஏறும்போது மரியாதையாக, சிரித்த முகமாக, “பார்க்கலாங்க மேடம்” என்றார்.

எத்தனையோ திட்டத்துக்காக அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். அது அரசாங்கத்துக்குச் சொன்னது, எனக்கு இல்லை என்று தூசியைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறேன். அன்றைக்கு முதல் தடவையாக அது எனக்கே வந்தது. நான் அந்த ஊரில் சம்பாதித்தது அது ஒன்றுதான், என்னிடம் ஒளிக்காமல் பேசுவார்கள் என்பது. அதை வைத்துக் கதவைத் திறந்து உன்னை உள்ளே விட்டேன். வரும்போது அது போயிருந்தது. கொள்ளிடம் பாலம் தாண்டுகிற வரைக்கும் பஸ்ஸில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் எனக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் உன்னிடம் பேசினேன், உன் பக்க நியாயத்தையும் கேட்காமல் இல்லை. “ஆள் வேணும்னு எழுதியிருந்தா திட்டமே வந்திருக்காதும்மா. இங்க கவர்மெண்ட்ல இருக்கறவங்களுக்கு ஆளே போட இஷ்டமில்ல. போனாவது வரட்டும்னுதான்” என்றாய். இருக்கலாம். நீ உள்ளே இருந்து பார்த்தவன், அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் அதை அந்தத் தகரக் கொட்டகையில் சொல்லியிருக்க வேண்டும். ஆள் கிடைக்காது, போன்தான் வரும், வேண்டுமா வேண்டாமா என்று கேட்டிருந்தால் அவர்கள் பேசி ஏதாவது ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். கிடைக்காததைக் கிடைக்காது என்று கேட்டுப் பழகியவர்கள்தானே? அவர்களுக்குப் போனைக் கொடுத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. அவர்கள் வாயில் இல்லாத சம்மதத்தை எடுத்து எழுதினாயே, அதுதான். ஆள் முக்கியம் என்று அவ்வளவு தூரத்திலிருந்து வந்து தரையில் உட்கார்ந்த அந்த அம்மாவையும் சேர்த்து ஏமாற்றினாய். இரண்டு பக்கமும் உன் வாயை நம்பித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

உன் மேல் எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம் எனக்குத் தினமும் வரும், உன் அப்பாவைக் கேட்டால் சொல்வார். இது கோபம் இல்லை. வெளியாள் யாராவது இதைச் செய்திருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். என் மொபெட்டில் முன்னால் நின்று, அந்த ஜனங்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்த காது அதைக் கேட்காத மாதிரி இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்தத் திட்டத்தில் யார் வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம். அந்தச் சொல்லை அந்த அம்மாவுக்கு விளக்கிச் சொல்லக்கூடியவன் அங்கே நீ ஒருத்தன்தான் இருந்தாய்.

இனி விழா விஷயம். விளக்கேற்றுவது பற்றி மறுபடி கேட்டால், பழக்கத்தில் பார்க்கலாம் என்றுதான் எனக்கு வாயில் வரும். அதை நீ எப்படி எழுதிக்கொள்வாய் என்பது இப்போது தெரிந்துவிட்டது. அதனால் நம் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லாத வார்த்தையை எழுதுகிறேன், உன் கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி. நான் வர மாட்டேன். என் பெயரை எடுத்துவிடு.

அன்றைக்குக் காலையில் நான் மலர்க்கொடி வீட்டில் இருப்பேன். விழாவுக்காகப் பேராசிரியை அம்மா வருகிறார் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. அவரை ஹோட்டலுக்குக் கூட்டிப்போவதற்கு முன்னால் அங்கே கூட்டிக்கொண்டு வா. தங்கராசுவையும் மற்றவர்களையும் வரச் சொல்லியிருக்கிறேன், வருவார்களா தெரியாது. அதே கேள்வியை அதே மாதிரி கேள். அவர்கள் சொல்வதை நீயே இங்கிலீஷில் சொல், நான் குறுக்கே பேச மாட்டேன். மலர்க்கொடி உனக்கு மீன்குழம்பு வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள், இத்தனைக்கும் அப்புறம்.

வருவதானால் வருகிறேன் என்று எழுது. வராவிட்டால் வரவில்லை என்று எழுது. பார்க்கலாம்மா என்று மட்டும் பதில் போடாதே. இந்தத் தடவை நான் அதைச் சரியாகவே புரிந்துகொள்வேன்.

உன் அம்மா
ஸ்ரீரங்கம்